சந்தனப் பொட்டு வைத்த பன்னிரண்டு தட்டுகள்

செப்டம்பர் 11, வியாழன்

என் வீட்டுக்காரர் தண்டபாணி வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில் ஜனவரி மாதம் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு நீர்மூழ்கி மோட்டார். எட்டு மாதத்தில் இரண்டு மளிகைப் பட்டியல் மட்டுமே ஏறியிருக்கிறது. இன்று எழுத விஷயம் இருக்கிறது.

காலையில் ஆய்விதழ் ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல். எங்கள் கட்டுரையைத் தள்ளவில்லை. திருத்தி அனுப்பச் சொல்கிறார். கெடு நவம்பர் 14. முதல் மதிப்பீட்டாளருக்கு எல்லாமே பிடித்திருக்கிறது. இரண்டாமவர் ஒன்றே ஒன்று கேட்கிறார்: இந்தச் சோதனையை வேறொருவர் செய்தும் இதே முடிவு வந்ததா?

வரவில்லை. அதுதான் சிக்கல்.

புற்றுநோய் செல்கள் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அறுத்து எடுத்துவிடலாம். பிடியை விட்டுக் கிளம்பி, ரத்தத்தில் ஏறி, வேறு இடம் பார்க்கப் போகும்போதுதான் வினை. 'பிடியை விடு' என்ற சேதியைச் செல்லுக்குள் கொண்டுபோகும் ஒரு புரதத்தைப் பதினோரு வருடமாகத் துரத்துகிறேன். எழுத்தும் எண்ணுமாக அதற்கு நீளமான பெயர் உண்டு. ஆய்வகத்தில் நாங்கள் தூதன் என்போம். தூதனின் வாயை அடைத்துவிட்டால் செல்கள் பிடியை விடாது. இதுதான் கட்டுரை.

சோதனை எளிது. எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே வெட்டினால் வரும் அகலத்தில் பன்னிரண்டு பிளாஸ்டிக் தட்டுகள். ஆறில் சாதாரணப் புற்றுநோய் செல்கள், மூடியில் 'ஏ'. மற்ற ஆறில் தூதன் வாயடைக்கப்பட்ட செல்கள், மூடியில் 'பி'. ஒரு நாள் வளரவிட்டு, ஒட்டைத் தளர்த்தும் திரவத்தைச் சரியாகப் பத்து நிமிடம் ஊற்றிவைத்து, மூன்று முறை கழுவ வேண்டும். தட்டில் மிஞ்சியவற்றுக்கு ஊதாச் சாயம் ஏற்றி எண்ண வேண்டும். என் கையில் 'பி' தட்டுகளில் இரண்டு மடங்கு மிஞ்சுகிறது. புனேயில் ஒரு நண்பர் செய்து பார்த்தார், வரவில்லை. என் ஆய்வு மாணவி ஷாஹிதா செய்தாள், வரவில்லை. எங்கள் கட்டடத்தில் இதற்கு எல்லோரும் சொல்லும் விளக்கம் ஒன்றுதான்: ரேணுகா மேடத்துக்குக் கைராசி.

நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். மருத்துவருக்குக் கைராசி உண்டென்றால் எனக்கு இருக்கக் கூடாதா?

ஷாஹிதாவின் ஆய்வேட்டுக்கு மார்ச் கெடு. அதில் பாதி இந்தத் தட்டுகள்தான். எப்படியாவது அவள் கைக்கும் இதை வரவழைக்க வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

ஷாஹிதாவைப் பக்கத்தில் நிற்கவைத்துக் கழுவிக் காட்டினேன்.

"தட்டைச் சாய்ச்சுப் பிடி. ஓரமா ஊத்து. செல் மேல நேரா விழக்கூடாது."

"எவ்ளோ வேகமா மேம்?"

"அது கைக்கே தெரியும்."

"கைக்கு எப்படி மேம் தெரியும்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. உடுமலையில் அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மனசு அங்கே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவளிடம் ஒரு வீண் பழக்கம் உண்டு. மூடியில் நான் 'ஏ', 'பி' எழுதிய பிறகும், தட்டின் அடியில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை குட்டி எண் எழுதுவாள். எந்த எண் எது என்ற பட்டியல் அவள் நோட்டில் இருக்கும். ஒரே வேலையை எதற்கு இரண்டு முறை செய்கிறாய் என்றால், "மூடி மாறிப் போச்சுன்னா மேம்?" என்பாள். பதினோரு வருடத்தில் ஒரு மூடி மாறியதில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

டெய்லர் கடை. புது ஜாக்கெட் மூன்று. இடது கை மட்டும் அரை இஞ்ச் லூசாக வைக்கச் சொன்னேன். அவரே, "தெரியுமுங்க" என்றார்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஷாஹிதா மூன்றாவது முறை செய்தாள். ஏயும் பியும் ஒரே அளவு. அதே செல், அதே திரவம், அதே நாள். மாலையில் நான் செய்தேன். 'பி' இரண்டு மடங்கு.

கவனித்த ஒன்று: நான் கழுவும்போது அவள் பக்கத்தில் நிற்பதில்லை. குளிர்பெட்டியைத் திறந்து மூடுகிறாள், நோட்டைப் புரட்டுகிறாள். கற்றுக்கொள்ள வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு பிள்ளை. நன்றாகத் திட்டிவிட்டேன். "சாரி மேம்" என்றாள். பிறகு எனக்கும் சேர்த்து டீ வாங்கிவந்தாள்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

இன்று நடந்ததை நிதானமாக எழுதுகிறேன். மதியம் எழுதியிருந்தால் பேனா உடைந்திருக்கும்.

எங்கள் கட்டடத்தில் ஆயுத பூஜையை மயிலாத்தாக்காதான் நடத்துவார். ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுபவர். நான் சேர்ந்த அதே வருடம் சேர்ந்தார். நுண்ணோக்கி, மையச்சுழற்றி, இன்குபேட்டர் கதவு என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார். தாழ்வாரத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் எல்லோருடைய ஆய்வு நோட்டும் அடுக்கப்படும். ஒருமுறை அடுக்கினால் விஜயதசமி கழியும்வரை யாரும் தொடக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் இயக்குநரே அவருக்குப் பயப்படுவார்.

இன்று யாரும் வேலை செய்யமாட்டார்கள். நான் செய்தேன். கெடு நெருங்குகிறது, நேற்று வளரவிட்ட தட்டுகள் பூஜைக்காகக் காத்திருக்காது. பன்னிரண்டிலும் தளர்த்தும் திரவத்தை ஊற்றி, டைமரைப் பத்து நிமிடம் வைத்தேன். தாழ்வாரத்தில் மணியடித்தது. இயக்குநர், "ரேணுகா, தீபாராதனைக்காவது வந்துட்டுப் போங்களேன்" என்றார். நாலு நிமிடத்தில் திரும்பிவிட்டேன்.

பன்னிரண்டு மூடியிலும் நட்டநடுவில் சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். பொட்டுக்கு அடியில் என் 'ஏ'யும் 'பி'யும்.

"மயிலாத்தாக்கா!"

சந்தனக் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தார். "ஏனுங் மேடம், வேற ஏதாச்சும் விட்டுப்போச்சுங்களா?"

"இதுக்கெல்லாம் யாரு வைக்கச் சொன்னா?"

"இதுல வர்றதாலதான நம்ம எல்லாத்துக்கும் சோறு? மெசினுக்கு வெச்சுப்போட்டு இதுக்கு வெக்காம உட்டா நல்லாயிருக்குங்களா?"

ஸ்பிரிட் பஞ்சால் ஒரு மூடியைத் துடைத்தேன். சந்தனத்தோடு எழுத்தும் போய்விட்டது. டைமரில் மூன்று நிமிடம்.

"ஷாஹிதா, உன் நோட்ட எடு. அடியில நம்பர் இருக்கில்ல, பாத்துடலாம்."

"நோட்டு பூஜையில இருக்குது மேம்."

"உன் நோட்டு எதுக்குப் பூஜையில?"

"எல்லாரோடதையும் வச்சாங்க மேம்."

தாழ்வாரத்துக்கு ஓடிப் போய் அந்த அடுக்கைப் பார்த்தேன். முப்பது நோட்டு, மேலே பூ, அதற்கு மேலே எலுமிச்சம்பழம். மயிலாத்தாக்கா படத்துக்குப் பக்கத்தில் காவல் நிற்பதுபோல் நின்றார். எனக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவு இல்லை. ஆனால் மயிலாத்தாக்கா முன்னால் அந்த எலுமிச்சம்பழத்தை உருட்டிவிடும் தைரியமும் இல்லை.

டைமர் அடித்தது. "கழுவிடுங்க மேம், விட்டா எல்லாமே கழண்டுடும்" என்றாள் ஷாஹிதா. இன்று அவள் குளிர்பெட்டிப் பக்கம் போகவில்லை. என் பக்கத்திலேயே நின்றாள். எது எதுவென்று தெரியாமல் பன்னிரண்டையும் கழுவினேன். சாயம் ஏற்றினேன். எது எதுவென்று தெரியாமலே எண்ணியும் முடித்தேன். அடி எண் வாரியாகக் குறித்துவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நோட்டு வரும்.

பொரிகடலை ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே தின்று தீர்த்துவிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

நோட்டு வந்தது. பட்டியலோடு ஒப்பிட்டோம்.

ஏ: சராசரி 206. பி: சராசரி 211. 

ஒன்றுமே இல்லை. பன்னிரண்டும் ஒரே ஊதா.

காரணங்கள் சொன்னேன். அன்று கதவைத் திறந்து திறந்து மூடியதில் சூடு குறைந்திருக்கும். கற்பூரப் புகை. பதற்றம். சந்தனத் தூள் உள்ளே விழுந்திருக்கலாம். ஷாஹிதா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

திரும்பிவிட்டது! இன்று பூஜை இல்லை, புகை இல்லை. மூடியில் என் எழுத்து பளிச்சென்று இருந்தது. பி தட்டுகளில் ஏயைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நான் சொன்னேன் அல்லவா, கற்பூரப் புகைதான்.

எல்லோருக்கும் மைசூர்பா வாங்கினேன். இயக்குநர் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, "கைராசி கைராசிதான்" என்றார்.

எல்லோரும் போன பிறகு ஷாஹிதா வந்து நின்றாள். அவள் துண்டு இன்னும் கையிலேயே இருந்தது.

"மேம், ஒரே ஒரு தடவை. மூடியில பிளாஸ்திரி ஒட்டி எழுத்த மறைச்சு நான் குடுக்கட்டுமா?"

"எதுக்கு?"

"சும்மா மேம்."

சும்மா யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். "நான் கள்ளக் கணக்கு எழுதறேன்னு நினைக்கிறியா?" என்று கேட்டேன். இல்லை இல்லை என்று அழுதுவிட்டாள். மைசூர்பா கீழே விழுந்தது. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 8, புதன்

ஷாஹிதா விடுப்பு. தலைவலியாம்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது தண்டபாணியிடம் நடந்ததைச் சொன்னேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தத் தண்ணி என்ன வேகத்துல விழுகுதுன்னு அளந்திருக்கியா?"

"அது கையால ஊத்தறது."

"அம்மணி, நான் கேட்டது அதில்ல. அளந்திருக்கியா?"

பம்ப் விற்கிறவருக்கு எல்லாமே தண்ணீர்தான். தோசையை அவரே சுட்டுக்கொள்ளட்டும் என்று எழுந்துவிட்டேன். அவர் சுட்டது நன்றாகவே இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

வருடாந்திரப் பரிசோதனை. ஆறாவது. வெறும் வயிற்றோடு போய், இடது கையில் ஊசி போடாதீர்கள், ரத்த அழுத்தமும் பார்க்காதீர்கள் என்று புதிதாக வந்திருந்த நர்ஸிடம் சொல்லி, ஸ்கேன் எடுத்து, எதிர்க் கடையில் இரண்டு சாம்பார் இட்லி சாப்பிட்டு, மூன்று மணி நேரம் காத்திருந்தேன். உறையை மருத்துவர் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. லிஃப்ட் கதவு மூடுவதற்குள் கிழித்துவிட்டேன். எந்த வருடம் நான் காத்திருந்தேன்?

சுத்தம்.

தண்டபாணிக்கு ஒரு வார்த்தையில் மெசேஜ் அனுப்பினேன். அவர் பதிலுக்கு ஒரு மோட்டார் படம் அனுப்பினார். அவருடைய பாஷையில் அது முத்தம்.

அக்டோபர் 15, புதன்

ஷாஹிதா வருகிறாள், போகிறாள். "மேம்" இருக்கிறது, பேச்சு இல்லை.

மதியம் மயிலாத்தாக்கா குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் திருத்தத்தை எழுத முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங் மேடம், ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கக்கா."

"அந்தக் குட்டிக் கிண்ணத்துல, சிலதுக்கு ஒரு மாதிரியும் சிலதுக்கு ஒரு மாதிரியும் தண்ணி ஊத்தறீங்களே, அது ஏனுங்க?"

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் ஊத்தறேன்."

சிரித்தார். "நல்லா ஊத்துனீங்க போங்க! சிலதுக்குப் பொறந்த கொழந்தைக்குத் தண்ணி வாக்கற மாதிரி, அப்படியே அணைச்சுப் புடிச்சு, சொட்டுச் சொட்டா. சிலதுக்கு வாசல் தெளிக்கற மாதிரி சளார்னு."

ஈரக்கையாலேயே செய்து காட்டினார். தோளை எப்படிக் குறுக்குகிறேன், கழுத்தை எப்படிச் சாய்க்கிறேன், எல்லாம். என்னைப்போலவே இருந்தது. என்னைவிடக்கூட.

"எப்பலிருந்துக்கா இப்படி?"

"அஞ்சு வருசமிருக்குமுங்க. மருந்து வேற வேறயாக்கும், அதனாலதானாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டிருந்தனுங்க. பூசை அன்னைக்கு மட்டும் எல்லாத்துக்கும் ஒண்ணாட்டம் ஊத்துனீங்க. அவசரமாக்கும்னு நெனச்சன்."

குடுவைகளைக் கவிழ்த்து முடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

அக்டோபர் 16, வியாழன்

ஷாஹிதாவின் மேசைக்குப் போனேன். "பிளாஸ்திரி இருக்கா?" என்றேன். என்னைப் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்தாள். ஒரு புதுச் சுருள், பிரிக்காமல் இருந்தது. எவ்வளவு நாளாக வைத்திருந்தாளோ.

எழுத்தை மறைத்து, வரிசையைக் குலைத்துக் கொடுத்தாள். கைக்கே தெரியும் என்று பெரிதாகச் சொன்னேனே, அந்தக் கைக்கு இன்று ஒன்றும் தெரியவில்லை. முதல் தட்டை எடுத்தவுடன் கை என்னைப் பார்த்தது: இது யார், எப்படி ஊற்றட்டும்?

ஏ 214. பி 209.

அக்டோபர் 17, வெள்ளி

வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரமும் கழுவினேன். கழுவியவற்றையும்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ஷாஹிதாவைப் போன வாரமே அழைத்திருந்தேன். வருவாள் என்று நினைக்கவில்லை. அவள் அம்மா செய்த தம்ரூட் அல்வாவோடு மாலை ஏழு மணிக்கு வந்தாள். தண்டபாணி பக்கத்து வீட்டுக்காரர்களோடு தெருவில் புஸ்வாணம் வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் சமையலறையில் நின்று முறுக்கு தின்றோம்.

"எப்பலிருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

பையிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்தாள். போன வருடம் நவம்பர். எனக்குத் தெரியாமல், தானே மூடிகளை மறைத்துத் தானே மூன்று முறை செய்திருக்கிறாள். மூன்றிலும் வித்தியாசம் இல்லை. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், 'மேம் கழுவும்போது மட்டும்?' என்று எழுதி, கேள்விக்குறியை இரண்டு தடவை அழுத்தியிருக்கிறாள்.

"ஒரு வருஷமா ஏன் சொல்லல?"

முறுக்கை உடைத்தாள். தின்னவில்லை.

"நீங்க பி தட்ட நுண்ணோக்கில பாக்கறப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது மேம். எனக்குத் தெரியும். அதனாலதான் நீங்க கழுவறப்ப அங்க நிக்கவே மாட்டேன்."

வெளியே புஸ்வாணம் சீறி அடங்கியது.

"இன்னொண்ணு மேம். சந்தனம் மயிலாத்தாக்கா தானா வச்சது. ஆனா நோட்டு..." நிறுத்தினாள். "அவங்க எடுக்கல. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். மூடியப் பாத்ததும் ஓடிப் போய்க் குடுத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மெதுவாக, பிறகு நிறுத்த முடியாமல். அவள் பயந்துபோய்ப் பார்த்தாள், பிறகு அவளும் சிரித்தாள். உள்ளே வந்த தண்டபாணி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அல்வாவை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். ஆறு வருடம் முன்பு என் இடது மார்பையும் அக்குளில் பதினான்கு நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள்; இடது கை வீக்கம் அதன் மிச்சம். பதினான்கில் இரண்டுக்கு அது போயிருந்தது. இரண்டு செல் கூட்டம் பிடியை விட்டுக் கிளம்பியிருந்தது. தூதனின் வாயை அடைக்கும் யோசனை எனக்கு வந்தது அடுத்த வருடம். நான் பொய் எழுதவில்லை. ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. 'பி' என்று எழுதிய மூடியைப் பார்த்ததும் என் கைதான், போகாதே, இங்கேயே இரு என்று அணைத்துப் பிடித்திருக்கிறது. என்னிடம் சொல்லாமல்.

அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டுமோ என்னவோ.

அக்டோபர் 25, சனி

தண்டபாணிக்கு இரண்டாம் தீபாவளி. குளுக்கோஸ் ஏற்றும் டியூப், ஒரு பிளாஸ்டிக் டப்பா, மிதவை வால்வு, துணி காயப்போடும் ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து ஆய்வகத்தில் ஒரு கழுவும் கருவி செய்துகொடுத்தார். டப்பாவில் தண்ணீர் மட்டம் மாறாது. அதனால் வேகமும் மாறாது. தட்டைக் கீழே வைத்தால் போதும், கைக்கு வேலையே இல்லை.

"பதினோரு வருசம், மூணு டாக்டர் பட்டம் இந்த ரூம்ல," என்று ஷாஹிதாவிடம் சொன்னார். "ஒருத்தருக்காச்சும் ஒரு வால்வு போடணும்னு தோணுச்சா பாரு."

"ஏங்க, போதும்."

"இல்ல ரேணு, சும்மா கேக்கறேன்."

மயிலாத்தாக்கா கருவிக்குப் பொட்டு வைக்க அனுமதி கேட்டார். ஸ்டாண்டுக்கு மட்டும் என்றேன்.

அக்டோபர் 30, வியாழன்

நான் ஒரு முறை, ஷாஹிதா ஒரு முறை, மயிலாத்தாக்கா ஒரு முறை. எல்லா மூடியும் மறைத்து. மூவருக்கும் வித்தியாசம் இல்லை. எங்கள் ஆய்வகத்தில் முதல் தடவையாக மூன்று பேர் கையில் ஒரே முடிவு. அது 'ஒன்றுமில்லை' என்ற முடிவாக இருந்தாலும் ஷாஹிதா கைதட்டினாள்.

தூதனின் வாயை அடைத்தாலும் செல்கள் தட்டை விடத்தான் விடுகின்றன. இதை எழுத ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஆசிரியருக்கு எழுதினேன். காரணத்தையும் எழுதினேன், மயிலாத்தாக்கா சொன்ன உவமை நீங்கலாக. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஷாஹிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உன் பாதி ஆய்வேடு இது. யோசிச்சுச் சொல்லு."

"போன நவம்பர்லயே யோசிச்சுட்டேன் மேம்," என்று அவளே அழுத்திவிட்டாள்.

இயக்குநருக்கும் ஒரு நகல் அனுப்பினேன். பிறகு வந்து, "கழுவற கையப் பத்தியே அந்தப் பொண்ணு ஒரு அத்தியாயம் எழுதலாமே" என்றார். நல்ல மனிதர். கைராசி என்ற வார்த்தையை மட்டும் கவனமாகத் தவிர்த்தார்.

நவம்பர் 6, வியாழன்

ஆசிரியர் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார். கீழே இரண்டாவது மதிப்பீட்டாளரின் ஒரு வரிக் குறிப்பு: 'எங்கள் ஆய்வகத்திலும் இப்படி ஒரு கை இருந்தது. என்னுடையது.'

அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

ஷாஹிதா சும்மா இருக்கமாட்டாள். தட்டில் மிஞ்சியதைத்தானே இவ்வளவு வருடம் எண்ணினோம், கழுவி வெளியே விட்டதை யாராவது பார்த்தோமா என்று கேட்டாள். இல்லை. அது நேராகத் தொட்டிக்குப் போய்விடும். இன்று அதை ஒரு குழாயில் பிடித்து நுண்ணோக்கியில் வைத்தாள். 'ஏ' கழுவிய நீரில் செல்கள் தனித்தனியாக, தூள் தூளாக. 'பி' கழுவிய நீரில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பாய் பாயாக.

தரையை விட்டாலும் பக்கத்துச் செல்லை விடவில்லையா? தனியாகக் கிளம்பும் செல்தான் தூரம் போகும்...

நிறுத்தினேன். "உனக்கு எது எதுன்னு தெரிஞ்சுதானே பாத்தே?"

"ஆமா மேம்."

"எனக்கும் தெரியும். அப்ப நம்ம ரெண்டு பேர் கண்ணையும் நம்பாதே."

நவம்பர் 14, வெள்ளி

கட்டுரைக்குக் கெடு வைத்திருந்த நாள். கட்டுரை இல்லை. தட்டுகள் இருந்தன.

மறைக்கும் வேலையை இந்தத் தடவை மயிலாத்தாக்காவிடமே கொடுத்தோம். எண் எழுதாத பன்னிரண்டு தட்டுகளை எங்கள் கண்ணில் படாமல் கலைத்து, தன் கையாலேயே எண் போட்டு, பட்டியலைச் சீட்டில் எழுதி இடுப்புச் சுருக்குப்பையில் முடிந்துகொண்டார். "எழுத்த மறைக்கோணும், அவ்வளவுதானுங்களே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது பன்னிரண்டு மூடியிலும் சந்தனப் பொட்டு. பிளாஸ்திரிச் சுருள் மேசையில் தொடப்படாமல் கிடந்தது. குங்குமத்தையும் அவர் விடவில்லை.

கருவி கழுவியது. கழுவிய நீரைப் பன்னிரண்டு குழாயில் பிடித்தோம். நானும் ஷாஹிதாவும் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாக எழுதி, பிறகு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஆறு குழாயில் பாய் பாயாக. ஆறில் தூள் தூளாக. எந்த ஆறு என்பதில் இருவரும் ஒன்றுபோல எழுதியிருந்தோம்.

இனி சீட்டு மட்டும் வேண்டும். பாயாக இருக்கும் ஆறும் 'பி' தானா?

"மயிலாத்தாக்கா!"

இல்லை. மதியத்தோடு அரை நாள் விடுப்பு; தங்கை மகள் கல்யாணம், பொள்ளாச்சியில். சீட்டு சுருக்குப்பையில். சுருக்குப்பை பஸ்ஸில்.

ஷாஹிதா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பஸ் பாட்டு காதைக் கிழித்தது.

"அக்கா, சீட்டு இருக்குதா?"

"பத்தரமா இருக்குது கண்ணு. வெத்தலையோட வெச்சிருக்கறன். படிக்கட்டுமா?"

ஷாஹிதா போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மேம், படிக்கச் சொல்லட்டுமா?"

என் வாயில் 'சொல்லு' என்று வந்துவிட்டது. அங்கேயே நின்றது. வரிசையாக நின்ற பன்னிரண்டு மூடிகளைப் பார்த்தேன். அவற்றில் எதையும் எனக்குத் தெரியாது. எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு நாள் முழுக்க இருந்திருக்கிறேன்; தோள்கூட வலிக்கவில்லை.

"கல்யாணத்தப் பாத்துட்டு வரட்டும். திங்கட்கிழமை தெரிஞ்சா போதும்."

போனில் மயிலாத்தாக்கா குரல்: "அட, அதுக்கெதுக்குங்க திங்கக்கெழம வரைக்கும்? ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழம கல்யாணத்துக்கு வந்துருங்க. சாப்பாடு நம்ம பக்கத்து ஆளுங்க சமையல்."

வீட்டில் தண்டபாணி கேட்டார்: "என்னாச்சு?"

"திங்கட்கிழமைதான் தெரியும்."

சத்தமே இல்லாமல் ஓடுகிற மோட்டாரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "நீயா சொல்றே?"

நவம்பர் 16, ஞாயிறு

பொள்ளாச்சி. நல்ல கல்யாணம். புது ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனேன்.

பந்தியில் ஷாஹிதாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில். மயிலாத்தாக்கா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாயச வாளியோடு வரிசையில் வந்தார். சுருக்குப்பை இடுப்பில் தொங்கியது, எனக்கு ஒரு முழம் தூரத்தில். உள்ளே சீட்டு. அவர் என்னைப் பார்த்தார், நான் பையைப் பார்த்தேன், பிறகு இலையைப் பார்த்தேன். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வரிசையில் ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு கரண்டி, சளார் சளார் என்று ஊற்றிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். டம்ளரை இடது கையால் அணைத்துப் பிடித்து, ஓரமாக, சொட்டுச் சிந்தாமல், ஒரு கரண்டி. அப்புறம் இன்னொன்று. அப்புறம் முந்திரியாகப் பொறுக்கி இன்னொரு அரை.

ஷாஹிதா என் காதருகே குனிந்தாள்.

"லேபிளைப் பாத்துட்டாங்க மேம்."